ஆவுடைக்கு எட்டிய பெட்டி

ஜெபசிங் ஏதாவது வாங்கப்போகிறார் என்றால் வீட்டில் யாரும் அவசரப்படுவதில்லை. வீட்டில் யார் என்றால் மனைவி சிஜி ஒருத்திதான். கரமனையில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்டாக இருந்தாள். டாக்டர் சீட்டை ஒரு பார்வை பார்த்துவிட்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் பின்னால் கைநீட்டி மாத்திரையை எடுக்கிறவள். அவளுக்கு வாய்த்த கணவர் இப்படி. வீட்டுக் குக்கரின் கைப்பிடி உடைந்தபோது புதிது வாங்கும் பொறுப்பை அவர் ஏற்றுக்கொண்டார். சாலை என்கிற கடைத்தெருவில் பாத்திரக்கடை பாத்திரக்கடையாக ஏறி இறங்கினார். அலுமினியமா எவர்சில்வரா, மூடி உள்ளே போவதா வெளியே நிற்பதா என்று எல்லாவற்றையும் விசாரித்து முடிவுக்கு மிக அருகில் வந்திருந்த ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அடுப்பில் புதுக் குக்கர் ஒன்று விசிலடித்துக்கொண்டிருந்தது.

எந்தக் கடையில் வாங்கினாய் என்று கேட்டார்.

"பஸ்சு எந்தக் கடைக்கு முன்னால நின்னுதோ அந்தக் கடையில," என்றாள் சிஜி.

இந்த மனிதரிடம்தான் டாக்டர் சத்தியநேசன் ஒரு ஸ்விட்ச் வாங்கச் சொன்னார்.

ஸ்விட்ச் என்றதும் சுவரில் விளக்குப் போடும் ஸ்விட்சை நினைத்துவிடக் கூடாது. ஜெபசிங்கின் சொந்த அண்ணனே வெகுகாலம் அப்படித்தான் நினைத்திருந்தார். பாறசாலையில் ஒரு கல்யாண வீட்டுக்கு சீரியல் பல்பு போட்டுத்தரத் தம்பியைக் கூப்பிட்டும் இருக்கிறார். ஜெபசிங் தம்பானூர் ரயில் நிலையத்துக்கு நடந்துபோகிற தூரத்தில் இருந்த ஒரு தனியார் கண் மருத்துவமனையில் நெட்வொர்க் பொறுப்பாளர். அங்கே ஸ்விட்ச் என்பது இடுப்புயர இரும்புப் பெட்டி. மாடிக்கு மாடி ஓடும் கேபிள்கள் எல்லாம் கடைசியில் வந்து சேரும் இடம் அது. ஸ்கேன் அறையில் எடுத்த படம் டாக்டரின் மேஜைக்குப் போவதும், வரவேற்பறைத் திரையில் டோக்கன் எண் மாறுவதும், மருந்துச்சீட்டு கீழ்த்தளத்துக்கு இறங்குவதும் அந்தப் பெட்டி வழியாகத்தான்.

மருத்துவமனை திறந்த நாளிலிருந்து ஒரே பெட்டிதான் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மின்சாரம் கொடுக்கும், தனியாகக் கழற்றி மாட்டக்கூடிய இரண்டு மாட்யூல்களில் ஒன்று ஏற்கெனவே போய்விட்டது. உள்விசிறி திணறியதால் ஜெபசிங் அதன் முன்னால் ஒரு டேபிள் ஃபேன் வைத்திருந்தார். மருத்துவமனையின் தலைமை டாக்டரான சத்தியநேசன் ஒருநாள் அந்தப் பக்கம் வந்தவர் ஃபேனைப் பார்த்துவிட்டு, "யாருக்குக் காய்ச்சல்?" என்று கேட்டார். ஜெபசிங் விஷயத்தைச் சொன்னதும், நல்லதாக ஒன்றைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து ஓணத்துக்குள் சொல்லும்படி சொல்லிவிட்டுப் போனார்.

ஜெபசிங் சந்தோஷப்பட்டார். தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் இருக்கிற அந்தக் காலம் அவருக்கு ரொம்பப் பிரியமானது.

இரண்டு நிறுவனங்கள் சோதித்துப் பார்க்க ஆளுக்கொரு பெட்டியை இரவலாகக் கொடுத்தன. இரண்டையும் பழைய பெட்டிக்குப் பக்கத்திலிருந்த இரும்புச் சட்டத்தில் ஏற்றினார்கள். கனமானது கீழே, கொஞ்சம் லேசானது மேலே. இரண்டின் பெயர்களும் எழுத்தும் எண்ணும் கலந்து பஸ் நம்பர் மாதிரி நீளமாக இருந்ததால், ஆவுடை அவற்றுக்கு நீலம், சாம்பல் என்று பெயர் வைத்தாள். கீழே இருந்தது நீலம். மேலே இருந்தது சாம்பல்.

ஆவுடைத்தாய் ஜெபசிங்கின் உதவிப் பொறியாளர். அவள் அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தம்பானூர் ஓட்டல் ஒன்றுக்கு வேலைக்கு வந்தவர். அவள் பிறந்தது, படித்தது எல்லாம் இங்கேதான். பெயர் மட்டும் குலதெய்வத்துடையது. பேச்சில் பாதி மலையாளம். ஆள் குள்ளம். தன் உயரத்தைப் பற்றி வேறு யாரும் கேலி செய்வதற்கு முன்னால் தானே செய்துவிடுவாள்.

ஜெபசிங் ஒப்பீட்டுப் பட்டியலை ஆரம்பித்தார். முதலில் இரண்டு பெட்டிக்கும் இரண்டு கட்டங்கள், பத்துப் பன்னிரண்டு கேள்விகள் என்று அடக்கமாகத்தான் இருந்தது. பிறகு ஒவ்வொரு மாட்யூலுக்கும் தனி வரி வந்தது. விசிறியை எந்தப் பக்கம் உருவ வேண்டும், பெட்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே உருவலாமா, கேபிள் செருகும் பலகைகளை எத்தனை விரலால் கழற்றலாம், அவற்றைப் பிடித்துக்கொள்ளும் கொக்கி இரும்பா பிளாஸ்டிக்கா என்று வரிகள் பெருகின. ஓணம் வந்தது, போனது. கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களை வீடுகளில் தொங்கவிட்டார்கள், கழற்றினார்கள். பட்டியல் பக்கவாட்டிலும் வளர ஆரம்பித்திருந்தது.

"இத இப்படியே வலது பக்கமா தள்ளிக்கிட்டே போனா பாறசாலை வந்துரும், சாரே," என்றாள் ஆவுடை. "டிக்கெட் எடுக்கணும், கேட்டோ."

ஜெபசிங் கோபப்படவில்லை. அவருக்கு உண்மையாகவே ஒரு சிக்கல் இருந்தது.

நீலத்தின் உடம்பு நல்ல உடம்பு. மூளை மாதிரி வேலை செய்யும் பலகை இரண்டு. ஒன்று போனால் மற்றது எடுத்துக்கொள்ளும். விசிறித் தட்டு முன்பக்கமாக, மேஜை டிராயர் மாதிரி வழுக்கிக்கொண்டு வரும். கொக்கிகள் இரும்பு. ஆனால் அதற்குள்ளே ஓடும் ஆப்பரேட்டிங் சிஸ்டம் பழைய பாணி. எல்லா வேலைகளையும் ஒரே உருண்டையாகப் பிசைந்து வைத்திருந்தார்கள். ஒரு மூலையில் ஏதாவது சின்னதாகச் சிக்கிக்கொண்டால் முழுப் பெட்டியும் படுத்து எழுந்திருக்கும். இருந்தாலும் அந்த சிஸ்டத்தின் கட்டளைகள் ஜெபசிங்குக்கு வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து பழக்கம். அவர் வேறு எதையோ நினைத்துக்கொண்டிருந்தாலும் விரல்கள் தாமாகத் தட்டிவிடும்.

சாம்பலின் கதை நேரெதிர். அதன் உள்ளே ஒவ்வொரு வேலைக்கும் ஒரு தனி புரோகிராம். ஒன்று சிக்கினால் அது மட்டும் படுத்து எழும்; மற்றவை பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். உடம்புதான் கொஞ்சம் இளைத்த உடம்பு. கொக்கிகள் பிளாஸ்டிக். விசிறிகளைப் பின்பக்கமாக உருவ வேண்டும். சட்டமோ சுவரை ஒட்டி நின்றது. பின்னால் போய் உருவ வேண்டுமென்றால் ஓணானாகப் பிறந்திருக்க வேண்டும்.

சாம்பலின் சிஸ்டத்தில் அவர் மனதைக் கொள்ளைகொண்ட ஒரு வசதியும் இருந்தது. எந்த மாற்றத்தைத் தட்டினாலும் உடனே எதுவும் நடக்காது. எல்லாம் தட்டி, சரிபார்த்து, "உறுதி" என்று தனியாகச் சொன்னால்தான் நடக்கும். அதற்கும் மேலே, "பத்து நிமிஷத்துக்கு மட்டும் உறுதி" என்று சொல்ல முடியும். அதற்குள் மறுபடியும் வந்து ஆமாம் என்று சொல்லாவிட்டால், பெட்டி தானாகவே பழைய நிலைக்குத் திரும்பிவிடும். இதைக் கண்டுபிடித்த அன்று ஜெபசிங் கரமனை வரை பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தார். வீட்டுக்குள் வந்ததும் சிஜியிடம் விளக்கினார். அவள் வெங்காயம் நறுக்கிக்கொண்டே முழுதும் கேட்டாள்.

"இந்த வசதி நம்ம கல்யாணத்தன்னைக்கு இருந்திருந்தா," என்றாள், "போதகரு இன்னும் அல்த்தார் முன்னால உங்களுக்க பதிலுக்குக் காத்துக்கிட்டு நின்னிருப்பாரு."

"உனக்க விஷயத்துல நான் ஒப்பிட்டே பாக்கல்ல. ரெண்டாவது ஆள் கெடையாது."

"அதாக்கும் சீக்கிரம் முடிஞ்சுது."

நல்ல உடம்பா நல்ல புத்தியா என்பதுதான் கேள்வி என்றும், இது லேசான கேள்வி இல்லை என்றும் அவர் சொன்னார். மாப்பிள்ளை பார்க்கிற வீட்டிலும் அதே கேள்விதான், ஆனால் அவர்கள் ஒரு முகூர்த்தத்துக்குள் முடித்துவிடுவார்கள் என்றாள் சிஜி.

டாக்டர் சத்தியநேசன் பொறுமையானவர். கண் புரை முற்றட்டும் என்று காத்திருக்கிற தொழில். ஆனாலும் தெருவெல்லாம் பெண்கள் அடுப்பு மூட்டிப் பொங்கலிடும் ஆற்றுக்கால் பொங்காலை நெருங்கியபோது அவருடைய பொறுமையும் முடிவுக்கு வந்தது. பொங்காலைக்கு முன் இதைத் தீர்க்காவிட்டால் தானே இரண்டு பெட்டிகளின் பெயரையும் சீட்டில் எழுதிக் குலுக்கப்போவதாகச் சொல்லி அனுப்பினார். ஜெபசிங் இன்னும் ஒரு வாரம் கேட்டார். சாம்பலின் பிளாஸ்டிக் கொக்கி வெப்பத்தில் எப்படி இருக்கும் என்பது மட்டும் பாக்கி இருந்தது.

அந்த வாரம் முடிவதற்கு முன்னால் பழைய பெட்டி செத்துப்போனது.

காலை வேளை. நாகர்கோவில் வண்டியிலும் கொல்லம் வண்டியிலும் வந்த நோயாளிகளால் வரவேற்பறை நிரம்பியிருந்தது. அதில் பெரும்பாலானவர்களுக்குக் கண்ணில் சொட்டுமருந்து விட்டிருந்தார்கள். கண்மணி விரிகிற வரைக்கும் அவர்கள் கண்ணை மூடி, தலையை லேசாக நிமிர்த்தி, வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். திடீரென்று டோக்கன் திரை நின்றது. ஸ்கேன் அறையிலிருந்து படம் வரவில்லை என்று முதல் மாடியிலிருந்து போன். பில் போகவில்லை என்று கீழேயிருந்து போன். நெட்வொர்க் அறையில் கருகிய நாற்றம்.

ஜெபசிங் ஓடிப்போய்ப் பார்த்தார். மிச்சமிருந்த ஒரே பவர் மாட்யூலும் போய்விட்டது. பழைய பெட்டியில் ஒரு விளக்குகூட எரியவில்லை. டேபிள் ஃபேன் மட்டும் அதன் முகத்தில் காற்று வீசிக்கொண்டிருந்தது. ஆவுடை ஃபேனை அணைத்தாள்.

உள்ளேயிருந்து நர்ஸ் ஒருத்தி வந்து, மருந்தின் வேகம் குறைவதற்குள் டாக்டர்கள் பார்த்தாக வேண்டும், இல்லாவிட்டால் எல்லோருக்கும் திரும்பச் சொட்டு விட வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நல்லவேளையாக இரண்டு புதுப் பெட்டிகளும் தயாராகத்தான் இருந்தன. சோதனைக்காக மருத்துவமனையின் எல்லா அமைப்புகளையும் ஜெபசிங் இரண்டிலும் ஏற்றி வைத்திருந்தார். கேபிள்களைப் பழையதிலிருந்து பிடுங்கிப் புதியதில் செருகினால் போதும்.

"எதுல போடணும், சார்?" என்று கேட்டாள் ஆவுடை.

ஜெபசிங்குக்கு அந்தக் கேள்வி கேட்டது. அதற்குப் பதிலும் அவரிடம் இருந்தது. ஒன்றல்ல, ஏராளமாக இருந்தது. பட்டியல் முழுதும் கண்முன்னால் விரிந்தது. அவர் சாம்பலைப் பார்த்தார், நீலத்தைப் பார்த்தார். உடனடித் தேவை என்று வரும்போது தனக்குக் கைப்பழக்கமுள்ள சிஸ்டம்தான் நல்லது என்றும், அதே சமயம் இன்று முழுக்கக் கூட்டம் என்பதால் சின்னச் சிக்கலைத் தாங்குகிற சிஸ்டம்தான் நல்லது என்றும் சொல்ல ஆரம்பித்தார். மாட்யூல்களின் வலு என்று பார்த்தால் நீலம். ஆனால் ஒன்று யோசிக்க வேண்டும். இப்போது அவசரத்தில் எதில் போடுகிறோமோ அதையே பிறகு வாங்கச் சொல்லிவிடுவார்கள். அதனால், அவசரத்துக்கு எது நல்லது என்று பார்ப்பதா, எப்போதைக்கும் எது நல்லது என்று பார்ப்பதா? இந்தக் கேள்வியைப் பட்டியலில் சேர்க்கவே இல்லையே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது. அதை ஆவுடையிடம் கேட்கலாம் என்று திரும்பினார்.

ஆவுடை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். கைகள் இரண்டும் கேபிள்களுக்குள் இருந்தன. கீழ்ப்பெட்டியின் முகத்தில் பச்சை விளக்குகள் ஒவ்வொன்றாகக் கண் திறந்துகொண்டிருந்தன.

"எதுக்கு நீலத்துல போட்ட?" என்றார்.

"எனக்கு எட்டினது அதுதான், சார். மேல உள்ளதுக்கு ஏணி வேணும். ஏணிய எலக்ட்ரீஷியன் கொண்டுபோனான், இன்னும் தந்தில்ல."

அதற்குமேல் பேச நேரமில்லை. ஜெபசிங் கீபோர்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தார். விரல்கள் தாமாகவே ஓடின. முதல் மாடி வந்தது. கீழ்த்தளம் வந்தது. ஸ்கேன் அறை வந்தது. வரவேற்பறைத் திரையில் டோக்கன் எண் ஒன்று கூடியது. கண்ணை மூடியிருந்த கூட்டத்தில் முதல் ஆள் எழுந்து, நர்ஸின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். நடந்தது என்னவென்று அவருக்குத் தெரியவே தெரியாது.

கூட்டம் வடிந்த பிறகு டாக்டர் சத்தியநேசன் வந்தார். எந்தப் பெட்டியில் ஓடுகிறது என்று கேட்டார். நீலத்தில் என்றார் ஜெபசிங். நன்றாக ஓடுகிறதா என்றார் டாக்டர். ஓடுகிறது என்றார்.

"அப்ப அதையே வாங்கிருவோம்," என்றார் டாக்டர். பிறகு ஜெபசிங்கின் தோளில் தட்டினார். "உம்மால ஒரு முடிவு எடுக்க முடியாதுன்னு நான் நெனச்சுட்டேன். அவசரம்னு வந்தப்ப டக்குனு எடுத்துட்டீரே."

ஆவுடை நிமிர்ந்து மேல்கூரையை ரொம்ப அக்கறையாகப் பார்த்தாள். ஜெபசிங் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டாக்டரை அறுவைச் சிகிச்சைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள்.

அன்று சாயங்காலம் ஜெபசிங் கிழக்கேகோட்டையில் கரமனை பஸ்ஸுக்காக நின்றபோது தலையிலிருந்து ஒரு மூட்டையை இறக்கியது போல இருந்தது. பொங்காலைக்காகச் சாலையோரத்தில் மண்பானைகளை மலைமாதிரிக் குவித்து விற்றுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் ஒரு பானையை எடுத்து விரலால் தட்டிப் பார்த்து, கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தார்கள். ஜெபசிங் அவர்களை உடன்பிறப்புகளைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டு நின்றார். இனி ஒப்பிட வேண்டியதில்லை. எல்லாம் முடிந்துவிட்டது. நல்ல பெட்டிதான், இரும்புக் கொக்கி, கைப்பழக்கமுள்ள சிஸ்டம். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டே பஸ் ஏறினார். கரமனைப் பாலம் வருவதற்குள் மூட்டை மறுபடி தலையில் ஏறியிருந்தது.

வீட்டில் சிஜி மரவள்ளிக்கிழங்கும் மீன்குழம்பும் எடுத்து வைத்தாள். அவர் கிழங்கை உதிர்த்துக்கொண்டே இருந்தாரே தவிர, வாயில் போடவில்லை. அவள் விசாரித்தாள். நடந்ததையெல்லாம் சொன்னார். ஏணி இல்லாத இடம் வந்தபோது அவள் சிரித்த சிரிப்பில் புரையேறி, அவர் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவர வேண்டியிருந்தது. தண்ணீரைக் குடித்துவிட்டு அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். அதில் சிரிப்பு இல்லை.

"முடிஞ்ச காரியம் அல்லவா? பின்ன எதுக்கு மூஞ்சி இப்படி இருக்கு?"

"ஒண்ணுமில்ல. நீலமும் நல்லதுதான். மாட்யூல் எல்லாம் நல்ல பலம். அந்த விசிறித் தட்டு இருக்குல்லா..."

"நான் விசிறியப் பத்திக் கேக்கல்ல. உங்களுக்கு எது வேணும்?"

அவர் பட்டியலின்படி என்று ஆரம்பித்தார். பட்டியலை ஆஸ்பத்திரியிலேயே வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும் என்று சிஜி சொல்லிவிட்டு, அதே கேள்வியை அதே வார்த்தையில் மறுபடியும் கேட்டாள். மருந்துக்கடையில் தினமும் வாயைத் திறந்து வியாதியைச் சொல்லத் தயங்குகிறவர்களிடம் பேசிப் பழகியவள் அவள். கேட்டுவிட்டுக் காத்திருக்கத் தெரியும்.

ஜெபசிங் உதிர்த்த கிழங்கையெல்லாம் தட்டின் ஒரு பக்கமாகக் கூட்டினார்.

"சாம்பல்," என்றார்.

சொன்ன பிறகு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. இத்தனை மாதமாக அந்த வார்த்தை எங்கே இருந்தது என்று தெரியவில்லை. இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவரைக்கும் இரண்டும் சமமாகத்தான் தெரிந்தன. ஒன்றைக் கொண்டுபோய்விடுவார்கள் என்று ஆனதும்தான், போவது எது என்று மனசு கணக்குப் பார்த்தது. சிஜி குழம்பை இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள். அவர் சாப்பிட்டார்.

மறுநாள் காலை, நோயாளிகள் வருவதற்கு முன்னால், டாக்டரின் அறைக்குப் போனார். உட்காரச் சொன்னதும் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்.

"டாக்டர், நீலம் வேண்டாம்."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "நேத்து நீருதானே தீர்மானிச்சீரு?"

"நான் தீர்மானிக்கல்ல. ஆவுடைதான் போட்டா. அவளுக்கு எட்டினது அதுதான். மற்றதுக்கு ஏணி இல்ல."

டாக்டர் சத்தியநேசன் கண்ணாடியைக் கழற்றினார். முதலில் ஒரு கண்ணைத் துடைத்தார், பிறகு மற்றதை. தோள்கள் குலுங்குவதைப் பார்த்த பிறகுதான் அவர் சிரிக்கிறார் என்று ஜெபசிங்குக்குத் தெரிந்தது. சிரித்து முடிக்க நேரமாயிற்று.

"சரி," என்றார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு. "உமக்கு எட்டினது எது?"

"சாம்பல்."

ஏன் என்று கேட்டார். ஜெபசிங் கையில் பட்டியல் இருந்தது. அதை அவர் விரிக்கவில்லை.

"நேத்து ஒரு சின்ன மாட்யூல் செத்ததுக்கு இந்த ஆஸ்பத்திரி மொத்தமும் கண்ண மூடிக்கிட்டு இருந்துது, டாக்டர். நீலத்துக்க உள்ள இருக்க சிஸ்டம் அந்த மாதிரியாக்கும். ஒரு மூலையில சிக்கினா எல்லாம் சேந்து படுத்திரும். சாம்பல்ல சிக்கினது மட்டும்தான் படுக்கும். பாக்கியெல்லாம் இரும்பும் பிளாஸ்டிக்குமாக்கும். அத நான் பாத்துக்கிடுவேன்."

"இத ஓணத்துக்கே சொல்லியிருக்கலாமே."

"ஓணத்துக்கு எனக்கே தெரியாது, டாக்டர்."

டாக்டர் அவரைக் கொஞ்ச நேரம், கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்ப்பது மாதிரி பார்த்தார். பிறகு, சரி, சாம்பலே இருக்கட்டும், ஆனால் நோயாளிகள் இருக்கும்போது ஒரு கேபிளைக்கூடத் தொடக்கூடாது என்று சொல்லி அனுப்பினார்.

செய்தியைக் கேட்ட ஆவுடை, தான் குனிந்து குனிந்து செருகிய கேபிள்களுக்காக ஒரு நிமிடம் மௌனம் அனுசரித்தாள். அடுத்த செய்தி அதைவிட மோசமாக இருந்தது. சாம்பலின் விசிறிகளைப் பின்பக்கமாக எடுக்க வேண்டும் என்றால் சட்டத்தைச் சுவரிலிருந்து முன்னால் நகர்த்த வேண்டும். முன்னால் இருந்தது ஆவுடையின் மேஜை. மேஜை வெளியே போக வேண்டும்.

"எட்டாத பெட்டி வருது, எட்டுற மேஜை போகுது," என்றாள். "நல்ல ஒப்பீடுதான், சாரே."

மேஜையை வராந்தாவில், ஜன்னலுக்குப் பக்கத்தில் போட்டார்கள். அங்கிருந்து பார்த்தால் தம்பானூர் பஸ் நிலையமும், அதற்குள் முண்டியடித்துக்கொண்டு போகும் ஆட்டோக்களும் தெரிந்தன. உள்ளே ஏசி குளிரில் மஃப்ளர் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தவளுக்கு இப்போது வெயிலும் காற்றும் கிடைத்தன. இரண்டாம் நாளே அவளுக்கு அந்த இடம் பிடித்துப்போனது. ஆனால் ஜெபசிங் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் நாடு கடத்தப்பட்டவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டாள். அவரும் குற்ற உணர்ச்சியோடு அவளுக்கு டீ வாங்கிவரச் சொல்லுவார்.

பொங்காலை முடிந்து, தெருக்களில் அடுப்புக் கற்களை எல்லாம் அள்ளிய பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை, ஜெபசிங் சர்ச்சிலிருந்து நேராக ஆஸ்பத்திரிக்கு வந்தார். வெள்ளைச் சட்டையின் கையை மடித்துவிட்டுக்கொண்டு, சாம்பலில் தானே கேபிள்களைச் செருகினார். ஒவ்வொன்றாக விளக்குகள் வந்தன. மூன்றாம் மாடி மட்டும் வரவில்லை. அமைப்பைச் சரிபார்த்தார், சரி. மாட்யூலைக் கழற்றிப் போட்டார், வரவில்லை. ஒருவேளை இந்தப் பெட்டியே தப்போ, நீலமே சரியோ என்று ஒரு கணம் பழைய நோய் எட்டிப் பார்த்தது. ஆவுடை கையைக் கட்டிக்கொண்டு கதவோரம் நின்றாள்.

"என்னவா இருக்கும்?" என்றார் அவளைப் பார்த்து.

ஜோடிக் கேபிள்களில் தகவல் போவதையும் வருவதையும் அவர் மாற்றிச் செருகியிருப்பதை ஆவுடை விரலால் காட்டினாள். அவர் செருகும்போதே அது அவளுக்குத் தெரியும்.

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா?"

"சார் எல்லாம் யோசிச்சு முடிக்கட்டும்னு இருந்தேன்," என்றாள்.

மாற்றிச் செருகியதும் மூன்றாம் மாடி வந்தது. திங்கட்கிழமை காலை கூட்டம் வந்தது, படங்கள் போயின, டோக்கன்கள் ஓடின. பெட்டி மாறியிருக்கிறது என்று அந்த ஆஸ்பத்திரியில் இரண்டு மூன்று பேரைத் தவிர யாருக்கும் தெரியவில்லை. ஜெபசிங் ஒரு மணிநேரத்துக்கு ஒருமுறை கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். புதுமாப்பிள்ளை மாதிரி என்று ஆவுடை சிஜிக்குப் போன் செய்து சொன்னாள்.

அந்த வாரமே நீலத்தைத் திரும்ப எடுத்துப் போக அதன் நிறுவனத்திலிருந்து மஹேஷ் வந்தார். ஆறேழு மாதமாக வாரம் தவறாமல் வந்து, ஜெபசிங்கின் கேள்விகளுக்கெல்லாம் பதில் சொல்லி, கேட்காத கேள்விகளுக்கும் பதில் சொன்ன மனிதர். லிஃப்டில் அப்போது கண்கட்டுப் போட்ட நோயாளிகளை இறக்கிக்கொண்டிருந்தார்கள். அதனால் கனமான பெட்டியை மாட்யூல் மாட்யூலாகக் கழற்றி, மூன்று பேருமாக மாடிப்படி வழியாக இறக்கினார்கள். விசிறித் தட்டை ஆவுடை ஒரு கையால் உருவி எடுத்தாள். எவ்வளவு சுலபமாக வருகிறது பாருங்கள் என்று மஹேஷிடமே சொன்னாள். அவருக்கு அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

வாசலில் கூட்ஸ் ஆட்டோ நின்றது. எல்லாவற்றையும் ஏற்றிக் கயிறு கட்டிய பிறகு மஹேஷ் பாக்கெட்டிலிருந்து போனை எடுத்தார்.

"சாரே, ஒரு காரியம் மாத்ரம் சொல்லணும். எங்க பெட்டியில எந்தா குறை? மேல உள்ளவங்களுக்கு நான் எழுதணும்."

ஆவுடை கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஆட்டோக்காரரிடம் போய், எஞ்சினை அணைத்துவிடுவது நல்லது, நேரமாகும் என்று சொன்னாள். அவரும் அணைத்தார்.

"குறை ஒண்ணும் இல்ல, மஹேஷ்," என்றார் ஜெபசிங். "எனக்கு மற்றதுதான் பிடிச்சிருந்துது."

மஹேஷ் விரலைப் போனின் மேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார். ஆவுடையும் காத்திருந்தாள். ஜெபசிங் ஆட்டோவின் பின்கதவுக் கொண்டியைச் சரியாக மாட்டிவிட்டு, கையிலிருந்த தூசியைத் தட்டினார்.

"அவ்வளவுதானா, சார்?"

"அவ்வளவுதான்."

மஹேஷ் எதையோ சுருக்கமாக எழுதிக்கொண்டார். பிறகு கைகுலுக்கிவிட்டு முன்னால் ஏறி உட்கார்ந்தார். ஆட்டோக்காரர் எஞ்சினைத் திரும்பக் கிளப்ப இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தது. வண்டி தம்பானூர்ப் பக்கம் திரும்பி, இரண்டு பஸ்களுக்கு நடுவில் நுழைந்து மறைந்தது.